வலி மருந்தும் மனநிலையும்

நாகலாபுரத்தில் இருக்கும் என் பெரியப்பா புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார். "காலையில் சிரித்துப் பேசுகிறார், மத்தியானம் எரிந்து விழுகிறார்" என்று பெரியம்மா தொலைபேசியில் வருந்தினார். ஊரில் இப்படி ஒருவர் இருக்கும் குடும்பங்கள் இதன் காரணங்களை அறிந்திருப்பது நல்லது.

1. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரமே வலியைத் தணிக்கும். அடுத்த வேளை நெருங்கும்போது வலியோடு சிடுசிடுப்பும் வரும்.

2. மருந்தே சிலருக்குத் தூக்கக் கலக்கம், மந்தம், குழப்பம் தரும்.

3. ஓயாத வலி தூக்கத்தைக் கெடுத்து மனச்சோர்வில் தள்ளும்.

"பழக்கமாகிவிடும்" என்று பயந்து சிலர் மருந்தைத் திடீரென நிறுத்துகிறார்கள். இது தவறு. பல வாரம் சாப்பிட்ட உடம்பு அதற்குப் பழகியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வியர்வை, பதற்றம், வயிற்றுப்போக்கு உண்டாகும். இதற்குப் போதை அடிமைத்தனம் என்று பெயரல்ல. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு.

மாத்திரை வேளை, வலி (0 முதல் 10 வரை), மனநிலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். எழுப்பியும் விழிக்காவிட்டாலோ மூச்சு மிக மெதுவானாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெரியவர் தொலைபேசியில் கோபப்பட்டால், கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டார் என்று வீட்டாரிடம் முதலில் கேளுங்கள்.