கீமோவுக்குப் பிறகு மூச்சு வாங்கினால் வயசு என்று விட்டுடாதீங்க



கர்ப்பப்பைக்கு இருபுறமும் இருக்கும் சினைப்பையில் வரும் புற்றுநோய், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகுதான் வருகிறது. அதனால் இதற்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறவர்களில் 60, 70 வயது அம்மாக்கள் நிறைய. வழக்கமாக பாக்ளிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற இரண்டு மருந்துகளை 3 வாரத்துக்கு ஒரு முறை என்று 6 தடவை ஏற்றுவார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்பது நமக்குத் தெரியும். சிலருக்கு நுரையீரலும் பாதிக்கும் என்பது தெரியாது.

இது அபூர்வம்தான். பயந்துகொண்டு கீமோவை நாமாக நிறுத்தக் கூடாது. பாக்ளிடாக்சல், ஜெம்சிடபின் போன்ற மருந்துகளால் நுரையீரலின் காற்றறைச் சுவர் வீங்கித் தடித்துப்போகலாம். அப்போது இழுக்கிற மூச்சு ரத்தத்தில் சரியாகச் சேராது. வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குதல், சிலருக்குக் காய்ச்சல் வரும். வயதானவர்களுக்கும், ஏற்கெனவே நுரையீரல் கெட்டிருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். 40 வருஷம் விறகடுப்புப் புகை குடித்த நெஞ்சு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?

பாட்டி "வயசாயிடுச்சு, அதான் இளைக்குது"ன்னு சொல்லுவாங்க. நாமும் கடையில் இருமல் மருந்து வாங்கிக் கொடுப்போம். டாக்டரிடம் சொல்லாததால் அடுத்த தடவை மருந்தும் ஏறிவிடும். கெடுத்த மருந்தே மறுபடி ஏறினால் பாதிப்பு முற்றும். முன்கூட்டியே சொன்னால் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அந்த மருந்தை நிறுத்தி, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்குச் சரியாகிறது.

ரத்தசோகை, நெஞ்சில் நீர் கோர்ப்பது, கிருமித்தொற்று, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைப்பது, இவற்றாலும் மூச்சு வாங்கும். எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

"மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "போன வாரம் குழாயடி வரைக்கும் நிக்காம போனீங்களே, இப்போ எங்கே நிக்கிறீங்க?" என்று கேளுங்கள். கிராம செவிலியரிடம் விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். 94-க்குக் கீழே காட்டினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பேச முடியாமல் மூச்சுத் திணறினால், உதடு நீலமானால் உடனே 108.

கிளம்பும்போது கீமோ ஃபைலை மறக்காதீங்க. பக்கத்து ஊர் டாக்டருக்கு எந்த மருந்து, எந்தத் தேதியில் ஏறியது என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.