ஒரு வயல் விளைச்சலை நம்பலாமா?

குன்றாண்டார்கோவில் பகுதியில் மானாவாரிக் கடலை பயிரிடும் விவசாயியிடம் ஒருவர் வந்து, "இந்த டானிக் மருந்தைத் தெளித்த வயலில் பக்கத்து வயலைவிட இரண்டு மூட்டை கூடுதல்" என்று சொன்னால் உடனே வாங்கிவிடலாமா?

கூடாது. செம்மண் நிலத்தில் ஓரிடம் சரளையாகவும் ஓரிடம் மண்கண்டம் ஆழமாகவும் இருக்கும். மருந்தே தெளிக்காவிட்டாலும் இரு வயல்களின் விளைச்சல் ஒன்றாக இராது.

இதில் இருவகைத் தவறுகள் நேரலாம். பயனற்ற மருந்தை நம்பி வாங்குவது முதல் தவறு, கைப்பணம் வீணாகும். பயனுள்ளதை வேண்டாமென்று தள்ளுவது இரண்டாம் தவறு. வரவேண்டிய மகசூல் போய்விடும்.

இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1919-ல் சேர்ந்த ஆர்.ஏ. ஃபிஷர், முதல் தவறுக்கு ஓர் எல்லை வகுத்தார். தற்செயலாக 20-ல் ஒரு முறைக்கு மேல் வராத வேறுபாட்டையே பொருட்படுத்தலாம் என்று 1926-ல் எழுதினார். ஆராய்ச்சியாளர் கூறும் '5 சத' எல்லை இதுவே.

இச்சோதனையை உங்கள் வயலிலேயே செய்யலாம். பக்கம் பக்கமாக, ஒரே அளவுள்ள பாத்திகளை ஐந்து ஜோடிகளாக அமைக்கவும். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பாத்திக்கு மருந்து என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்யவும். நல்ல பாத்தியை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது. விதை, களையெடுப்பு, அறுவடை நாள் யாவும் ஒன்றாக இருக்கவேண்டும். ஓர வரிசைகளை விட்டு, நடுவிலுள்ள காய்களை உலர்த்தித் தனித்தனியே எடை போடவும்.

மருந்து பயனற்றதானால், ஒரு ஜோடியில் அது ஜெயிப்பது காசில் தலை விழுவது போலத்தான். தொடர்ந்து ஐந்து முறை தலை விழ 32-ல் ஒரு வாய்ப்பே உண்டு. இது 20-ல் ஒன்றைவிடக் குறைவு. ஆகவே ஐந்து ஜோடியிலும் மருந்துப் பாத்தி கூடுதலாகத் தந்தால் நம்பலாம். நான்கு ஜோடி மட்டும் வைத்து நான்கிலும் ஜெயித்தாலும் வாய்ப்பு 16-ல் ஒன்று, அது போதாது.

ஐந்தில் நான்கு மட்டும் ஜெயித்தால், மருந்து வீண் என்று தள்ளிவிடவேண்டாம். அது இரண்டாம் தவறாகலாம். அடுத்த பட்டத்தில் புதிதாக எட்டு ஜோடி வைத்துப் பார்க்கவும். அதில் ஏழு ஜெயித்தாலே போதும்.

எல்லையைத் தாண்டிவிட்டால் மட்டும் லாபம் என்று பொருளல்ல. கூடுதல் காயின் விலை, மருந்துச் செலவையும் தெளிப்புக் கூலியையும் மிஞ்சவேண்டும். பயனற்ற மருந்துகள் இருபதைச் சோதித்தால், ஒன்று தற்செயலாக ஜெயித்துக் காட்டவும் கூடும்.

ஆகவே மருந்து வாங்குமுன், "எத்தனை பாத்தியில், எத்தனை பட்டம் பார்த்தீர்கள்?" என்று கேட்பது நலம்.