தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசலாமா?

இளைஞர் படிப்பு வட்டத்துக்கான பாடம்

நோக்கம்: ஒருவர் காணவில்லை என்ற செய்தி நம் கைக்கு வரும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சேர்ந்து சிந்திப்பது.



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தங்கை கைப்பேசியை நீட்டினாள். "அண்ணே, இந்த லிஃப்ட் வீடியோ பார்த்திருக்கீங்களா? அந்தப் பொண்ணு பேயைப் பார்த்துத்தான் இப்படிப் பயப்படுறாளாம்!"

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். "பேயெல்லாம் இல்லலா, யாரோ துரத்துறான்" என்றான் ஒரு தம்பி. "போதைப்பொருளா இருக்கும்" என்றான் இன்னொருவன். "ஹோட்டல்காரன்தான் மறைக்கிறான்" என்றது மூன்றாவது குரல். ஐந்து நிமிடத்தில் நான்கு தீர்ப்பு வந்துவிட்டது. "சரி, அந்தப் பிள்ளையோட பேர் என்ன?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

நடந்தது என்ன?

அவர் பெயர் எலிசா லாம். வயது 21. பெற்றோர் ஹாங்காங்கிலிருந்து கனடாவுக்குக் குடியேறியவர்கள். எலிசா வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 2013 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சுற்றிப் பார்க்கத் தனியாகக் கிளம்பினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் செசில் என்ற பழைய ஹோட்டலில் தங்கினார். தினமும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிடுவார். ஜனவரி 31ஆம் தேதி அழைப்பு வரவில்லை. பெற்றோர் போலீசுக்குத் தகவல் கொடுத்தார்கள்.

அன்றைக்குப் பக்கத்துப் புத்தகக் கடையில் அவர் வீட்டாருக்காகப் பரிசு வாங்கியதைக் கடை நிர்வாகி பார்த்திருக்கிறார். ஹோட்டலுக்கு வெளியே அன்று அவரைப் பார்த்ததாகச் சொல்ல வேறு யாரும் இல்லை. போலீசார் நாய்களைக் கொண்டு ஹோட்டலில் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிப்ரவரி நடுவில், லிஃப்டில் பதிவான சுமார் 4 நிமிடக் காணொளியைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார்கள். இவரைப் பார்த்தவர்கள் யாராவது தகவல் தர மாட்டார்களா என்பதுதான் அவர்கள் நோக்கம்.

பிப்ரவரி 19ஆம் தேதி, குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று தங்கியிருந்தவர்கள் புகார் சொன்னார்கள். பணியாளர் ஒருவர் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தபோது, அங்கிருந்த தண்ணீர்த் தொட்டி ஒன்றில் எலிசாவின் உடல் இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மரண விசாரணை அதிகாரியின் முடிவு வெளிவந்தது. இது தற்செயலாக நீரில் மூழ்கிய மரணம். அவருக்கு இருந்த இருமுனை மனநோய் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

விவரம் இவ்வளவுதான். ஆனால் இணையத்தில் இந்தக் கதை இன்றும் முடியவில்லை.

கண்ணால் காண்பதும் பொய்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். காதால் கேட்டது பொய்யாகலாம், சரி. கண்ணால் பார்த்தது எப்படிப் பொய்யாகும்? அந்தக் காணொளியையே எடுத்துக்கொள்வோம்.

எலிசா லிஃப்டுக்குள் வருகிறார். பல பொத்தான்களை அழுத்துகிறார். வெளியே எட்டிப் பார்க்கிறார். மூலையில் ஒதுங்கி நிற்கிறார். வெளியே போய்க் கைகளை வினோதமாக அசைக்கிறார். இவ்வளவு நேரமும் லிஃப்ட் கதவு மூடவே இல்லை. "பார்த்தீங்களா, கதவே மூடல! பேய் வேலைதான்!" என்றார்கள். காணொளியில் நேரக் குறிப்பைப் படிக்க முடியவில்லை. உடனே "நடுவில் வெட்டியிருக்கிறார்கள்" என்றார்கள்.

கதவு ஏன் மூடவில்லை? அவர் அழுத்திய பொத்தான்களில் கதவைத் திறந்தே வைத்திருக்கும் பொத்தானும் ஒன்று. நம்ம அடுக்குமாடி வீட்டு லிஃப்டிலும் அது இருக்கிறது. சாமான் ஏற்றும்போது நாமே அழுத்துகிறோம். ஆனாலும் பேய்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

அடுத்தது அவருடைய நடத்தை. இருமுனை மனநோய் உள்ளவருக்கு மனநிலை ஒரு காலத்தில் மிக உயரும், இன்னொரு காலத்தில் மிகத் தாழும். நோய் முற்றும்போது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றலாம். இல்லாத குரல் கேட்கலாம். எலிசாவுக்கு மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். அவர் அதை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை என்பதைப் பரிசோதனைகள் காட்டின. ஹோட்டலில் முதலில் அவருடன் அறையில் தங்கியவர்கள் அவருடைய போக்கு சரியில்லை என்று சொன்னதால்தான் அவரை வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள்.

இப்போது அதே காணொளியை மனதில் ஓட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து வெகுதூரத்தில், நோயோடு, துணைக்கு ஒருவரும் இல்லாமல், பயந்து நிற்கும் ஒரு பிள்ளை தெரியும். கோடிக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். பேயைத் தேடிய கண்ணுக்கு அந்தப் பிள்ளை தெரியவில்லை.

காதால் கேட்பதும் பொய்

இரண்டு வதந்திகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, தொட்டியின் மூடி. மூடி மூடியிருந்தது என்ற தகவல் ஆரம்பத்தில் பரவிவிட்டது. "உள்ளே விழுந்தவர் எப்படி மூடியை மூட முடியும்? அப்படியென்றால் கொலைதானே?" கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் உடலைக் கண்ட பணியாளரே பிறகு, தான் போனபோது மூடி திறந்திருந்தது என்று வழக்கு ஆவணத்தில் சொல்லியிருக்கிறார். அஸ்திவாரமே தவறு. அதன்மேல் எத்தனை மாடி கட்டினாலும் என்ன பயன்? இன்றும் அந்தப் பழைய தகவலை வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வதந்திக்குப் போகிற கால் திருத்தத்துக்கு இல்லை.

இரண்டாவது, ஒரு பெயர்ப் பொருத்தம். அந்தச் சமயத்தில் ஹோட்டலைச் சுற்றிய வட்டாரத்தில் காசநோய் பரவியிருந்தது. காசநோயைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனைக்கு 'லாம்-எலிசா' என்று பெயர். "பார்த்தீங்களா! கிருமி ஆயுதம்! அரசாங்கச் சதி!" என்று கிளம்பினார்கள். உண்மை என்ன? 'லாம்' என்பது காசநோய்க் கிருமியின் வெளிச்சுவரில் உள்ள ஒரு பொருளின் சுருக்கப் பெயர். 'எலிசா' என்பது பல நோய்களுக்கும் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு சோதனை முறை. இந்தச் சம்பவத்துக்கு முன்பே இரண்டும் இருந்தன. பெயர் ஒத்துப்போனது தற்செயல். ஆயிரம் விவரங்களைத் தோண்டினால் இரண்டு ஒத்துப்போகத்தான் செய்யும். ஒத்துப்போகாத 998ஐ யாரும் பகிர்வதில்லை.

பழி விழுந்த இடம்

"சும்மா பேசினோம், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டப்பட்ட ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

மெக்சிகோ நாட்டில் ஓர் இசைக்கலைஞர். கருப்பு உடை, முகச்சாயம், மரணத்தைப் பற்றிய பாடல்கள் என்று கடும் உலோக இசை பாடுகிறவர். அவர் செசில் ஹோட்டலில் தங்கி எடுத்த காணொளி ஒன்று துப்பறியக் கிளம்பியவர்கள் கண்ணில் பட்டது. "இவன்தான் கொலைகாரன்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அவர் அங்கே தங்கியது அதற்கு ஒரு வருடம் முன்பு. எலிசா காணாமல் போன நாட்களில் அவர் அமெரிக்காவிலேயே இல்லை. ஹோட்டலில் தங்கிய தேதியைப் பார்த்திருந்தாலே போதும். யார் பார்த்தார்கள்? கொலை மிரட்டல்கள் குவிந்தன. அவருடைய இணையக் கணக்குகள் முடக்கப்பட்டன. மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றதாக 2021இல் வெளிவந்த நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தில் அவரே சொல்கிறார்.

அவர்மீது பழி போட்டவர்கள் எல்லாரும் தீயவர்களா? இல்லை. பலரும் எலிசாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்தான். இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நல்ல எண்ணம் மட்டும் போதாது. விசாரிக்காத நல்ல எண்ணமும் ஓர் ஆளைக் கொல்லப் பார்க்கும்.

தீர விசாரிப்பது யார்?

அப்படியானால் பொதுமக்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் சரியா? அதுவும் இல்லை.

2021இல் அமெரிக்காவில் கேபி பெட்டிட்டோ என்ற 22 வயதுப் பெண், வருங்காலக் கணவரோடு வேனில் பயணம் போனபோது காணாமல் போனார். அந்த வழக்கிலும் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே பகுதியில் பயணம் செய்த ஒரு குடும்பம், தாங்கள் ஆகஸ்ட் மாதத்தில் எடுத்த பயணக் காணொளியைத் திரும்பப் போட்டுப் பார்த்தது. ஓரத்தில் அந்த வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. உடனே எஃப்பிஐ அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள். செப்டம்பர் 19ஆம் தேதி கேபியின் உடல் கிடைத்தது அந்தப் பகுதியில்தான்.

வித்தியாசம் புரிகிறதா? அந்தக் குடும்பம் ஊகிக்கவில்லை. தாங்களே பார்த்ததை, தங்கள் கையில் இருந்த பதிவை, விசாரிக்கும் பொறுப்புள்ளவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தந்தது சாட்சி. மற்றவர்கள் தந்தது கதை.

நம்ம வீட்டுப் பக்கம் திரும்புவோம்

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் தாமானில் ஒரு மாணவி காணவில்லை என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உதவி செய்வதாக நினைத்து ஆறேழு குழுக்களுக்கு அனுப்பினேன். அதோடு விட்டேனா? "காதல் விவகாரம்னு கேள்விப்பட்டேன்" என்று ஒருவர் எழுத, நானும் "இருக்கலாம்" என்று பதில் போட்டேன். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

அன்று இரவே அந்தப் பிள்ளை பத்திரமாக வீடு திரும்பிவிட்டாள். வீட்டில் ஏதோ மனவருத்தம், தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆனால் படம் திரும்பவில்லை. மாதக்கணக்கில் சுற்றியது. கூடவே அந்தக் 'காதல் விவகார'மும் சுற்றியது. கடைசியில் அவளைப் பள்ளி மாற்றினார்கள். அவள் அம்மாவைக் கோயிலில் பார்த்தபோது, "தம்பி, பிள்ளை வந்துட்டா. ஆனா ஊர் வாயிலிருந்து அவளை மீட்க முடியலப்பா" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பெண் காணாமல் போனால் நம் சமூகத்தில் முதல் கேள்வி "யாரோட போனா?" என்பதுதான். மனம் சரியில்லாதவரைப் பார்த்தால் "பேய் பிடிச்சிருக்கு" என்கிறோம். இரண்டும் ஊகம்தான். முதல் பேச்சு, திரும்பி வர நினைக்கும் பிள்ளைக்குக் கதவை அடைக்கிறது. இரண்டாவது, மருத்துவரிடம் போக வேண்டியவரைத் தடுக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

1. நமக்கு வேண்டியவர் காணவில்லை என்றால் உடனே போலீசில் புகார் செய்வோம். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஆபத்து என்றால் 999.

2. காணவில்லை என்ற செய்தி வந்தால், குடும்பமோ போலீசோ வெளியிட்டதா, எந்தத் தேதி என்று பார்ப்போம். இரண்டும் தெரியாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

3. பகிர்ந்தால் அவர்கள் தந்த விவரத்தை மட்டும் பகிர்வோம். நம் கருத்து ஒரு வரிகூட வேண்டாம்.

4. ஆள் கிடைத்துவிட்டால், நாம் பகிர்ந்த இடத்திலெல்லாம் "கிடைத்துவிட்டார், படத்தை நீக்குங்கள்" என்று எழுதி, நம் பதிவையும் அழிப்போம். நான் செய்யத் தவறியது இதுதான்.

5. நாமே எதையாவது பார்த்திருந்தால் போலீசிடம் சொல்வோம், குழுவில் அல்ல. பொய்த் தகவலால் பிறரைத் துன்புறுத்துவது மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

6. நண்பர் ஒருவர் தூங்காமல், தொடர்பில்லாமல் பேசி, யாரோ பின்தொடர்வதாகப் பயந்தால், கேலி செய்யாமல் பக்கத்தில் இருப்போம். வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப்போவோம்.

வட்டத்தில் பேசுவதற்கு

1. லிஃப்ட் காணொளியைப் பார்த்த எத்தனையோ பேருக்கு 'நோய்' என்ற எண்ணம் முதலில் வரவில்லை. ஏன்?

2. நீங்கள் பகிர்ந்து, பிறகு தவறு என்று தெரிந்த செய்தி ஏதாவது உண்டா? திருத்தம் அனுப்பினீர்களா?

3. காணாமல் போனது உங்கள் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எதைப் பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று விரும்புவீர்கள்?

4. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல நாம் ஏன் கூச்சப்படுகிறோம்?

செயல்: இன்று வீடு திரும்பும் முன் உங்கள் கைப்பேசியைத் திறந்து, நீங்கள் பகிர்ந்த பழைய 'காணவில்லை' படங்களைத் தேடுங்கள். அந்த ஆள் கிடைத்துவிட்டாரா என்று விசாரியுங்கள். கிடைத்திருந்தால் அழித்துவிடுங்கள்.

போன மாதம் வீடியோ காட்டிய அந்தத் தங்கை இந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்துப் பார்த்தாள். "அண்ணே, அந்த அக்கா வீட்டுக்குப் பரிசு வாங்கி வச்சிருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீடியோவை அவள் யாருக்கும் காட்டவில்லை.