பூட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது?

பேரங்காடியின் இலவச வைஃபை ஒரு பக்கம். போட்டோஸ்டேட் கடையில் பலரும் பயன்படுத்தும் கணினி மறுபக்கம். இரண்டில் எது அதிக ஆபத்தானது என்று கேட்டால், பலர் வைஃபை என்றே சொல்வார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அது சரியான விடை. இன்று அந்தக் கடைக் கணினியிடம்தான் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

காற்றில் போன கடிதங்கள்

வைஃபை என்பது வானொலி அலை. ரவுட்டர் உங்கள் கைப்பேசிக்கு அனுப்பும் அலை, பக்கத்து மேசையில் இருப்பவரின் மடிக்கணினியையும் எட்டும். கடவுச்சொல் கேட்காத திறந்த வைஃபையில் அந்த அலையை யாரும் பிடித்துப் படிக்கலாம்.

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க நிரலர், பயர்பாக்ஸ் உலாவிக்கு 'பயர்ஷீப்' என்ற சிறு இணைப்பை வெளியிட்டார். அதை நிறுவியவர், அதே திறந்த வைஃபையில் இருக்கும் பிறரின் பேஸ்புக், டுவிட்டர் கணக்குகளுக்குள் ஒரே சொடுக்கில் நுழைய முடிந்தது. அதற்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. அன்றைய தளங்கள் பல, கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்தன. உள்ளே நுழைந்தவருக்கு 'குக்கி' என்னும் அடையாளச் சீட்டைக் கொடுத்துவிட்டு, அதன்பின் எல்லாவற்றையும் திறந்த கடிதமாகவே அனுப்பின. அந்தச் சீட்டை நகலெடுத்தவரைத் தளம் நீங்கள் என்றே நம்பியது. பலமுறை எச்சரித்தும் சரிசெய்யாத நிறுவனங்களை அசைக்கவே பட்லர் இதைச் செய்தார்.

அதன்பின் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக எச்டிடிபிஎஸ் முறைக்கு முழுமையாக மாறின. 2015இல் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு, அதற்குத் தேவையான சான்றிதழை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018இல் குரோம் உலாவி, மறையாக்கம் இல்லாத தளங்கள் அனைத்தையும் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியது.

ஊர் கேட்க ஓர் இரகசியம்

எல்லாரும் கேட்கும் இடத்தில், முன்பின் சந்தித்திராத இரண்டு கணினிகள் எப்படி ஒரு இரகசியச் சாவியைப் பேசி முடிக்கின்றன? 1976இல் விட்பீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர்.

3ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கினால் 81. அதை 17ஆல் வகுத்தால் மீதி 13. இது எளிய கணக்கு. ஆனால் 13 என்ற மீதியை மட்டும் கொடுத்து, எத்தனை 3களைப் பெருக்கினோம் என்று கேட்டால், ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டும். எண்கள் பல நூறு இலக்கம் கொண்டவையாக இருந்தால், இன்றைய கணினிகளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரு தரப்பும் தத்தம் எண்ணிக்கையை மறைத்துக்கொண்டு மீதிகளை மட்டும் பரிமாறுகின்றன. வந்த மீதியை ஒவ்வொன்றும் தன் எண்ணிக்கை அளவுக்கு மீண்டும் பெருக்கி, அதே எண்ணால் வகுக்கும்போது, இரண்டுக்கும் ஒரே மீதி கிடைக்கிறது. அதுவே சாவி. ஒட்டுக் கேட்டவருக்கு அது கிடைக்காது.

ஆகவே இன்று பக்கத்து மேசைக்காரர் பெரும்பாலும் அறியக்கூடியது, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை மட்டுமே. அங்கே என்ன எழுதினீர்கள், என்ன படித்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. பாதை காக்கப்பட்டுவிட்டது. ஆனால் பாதைக்கு இரண்டு முனைகள் உண்டு. மோசடிக்காரர்கள் இப்போது அங்கேதான் நிற்கிறார்கள்.

எதிர்முனை: போலிப் பெயர்ப்பலகை

வைஃபையின் பெயரை யாரும் எப்படியும் வைக்கலாம். 'இலவச விமான நிலைய வைஃபை' என்று உங்கள் கைப்பேசிக்கே நீங்கள் பெயர் சூட்டி ஹாட்ஸ்பாட் தொடங்கலாம். திறந்த வைஃபைக்குப் பெயரைத் தவிர வேறு அடையாளம் இல்லாததால், முன்பு அதே பெயரில் இணைந்த கைப்பேசி, போலியோடும் தானாக இணைந்துவிடும்.

2024 ஏப்ரலில் ஆஸ்திரேலிய உள்நாட்டு விமானம் ஒன்றில், ஊழியர்கள் சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்றைக் கவனித்துப் புகார் செய்தனர். பெர்த் விமான நிலையத்தில் ஓர் ஆடவரின் கைப்பையிலிருந்து சிறிய வைஃபை கருவியும் மடிக்கணினியும் கைப்பற்றப்பட்டன. அவருடைய போலி வைஃபையில் இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் தோன்றி, மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கைக் கொண்டு உள்நுழையச் சொன்னது. பின்னர் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் எந்த மறையாக்கத்தையும் உடைக்கவில்லை. மக்களே தங்கள் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். போலிப் பக்கத்துக்கும் சான்றிதழ் வாங்கலாம்; அங்கும் பூட்டுச் சின்னம் தோன்றும். பாதை மறைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பூட்டு சொல்கிறது. எதிரே இருப்பவர் நல்லவரா என்பது அதற்குத் தெரியாது. பூட்டைப் பார்த்து மக்கள் தளத்தையே நம்பிவிடுகிறார்கள் என்பதால், குரோம் 2023இல் அந்தச் சின்னத்தை மாற்றிவிட்டது.

நம் முனை: கடைக் கணினி

உங்கள் விரலுக்கும் உலாவிக்கும் இடையில் விசைப்பலகை இருக்கிறது, கணினி இருக்கிறது. மறையாக்கம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கணினிக்குள் யாரோ ஒரு வேவு நிரலை வைத்திருந்தால், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தும் மறையாக்கத்துக்கு முன்பே பதிவாகிவிடும். விசைப்பலகைக் கம்பிக்கும் கணினிக்கும் நடுவே செருகும் விரல்நுனி அளவிலான கருவிகளும் உண்டு. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். அதைச் செருகியது நேற்று வந்த வாடிக்கையாளராகவும் இருக்கலாம்.

வேவு நிரலே இல்லாத கணினியிலும் சிக்கல் உண்டு. யுபியு விண்ணப்பத்துக்காக மைகார்டு நகலை வாட்சாப் வெப் வழியாகத் திறந்து அச்சிடுகிறீர்கள். சன்னலை மூடிவிட்டுக் கிளம்புகிறீர்கள். வாட்சாப் இன்னும் அந்தக் கணினியோடு இணைந்தே இருக்கிறது. மைகார்டு நகலும் பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கிறது. அடுத்து அமர்பவர் உங்கள் செய்திகளைப் படிக்கலாம். உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணமும் கேட்கலாம்.

'மறைமுகச் சன்னல்' எனப்படும் இன்காக்னிட்டோ, அதன் சன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் குக்கிகளையும் வரலாற்றையும் அழிக்கும். பதிவிறக்கிய கோப்பை அழிக்காது. வேவு நிரலையும் தடுக்காது. விபிஎன் வைஃபைக்காரரிடமிருந்து உங்கள் போக்குவரத்தை மறைக்கும். போலிப் பக்கத்தில் நீங்கள் எழுதும் கடவுச்சொல்லை அதனால் மீட்க முடியாது.

நினைவில் கொள்ள

1. பொது வைஃபையில் இணையும்போது மின்னஞ்சல், பேஸ்புக் கடவுச்சொல் கேட்டால் விலகுங்கள். வங்கி வேலைக்குக் கைப்பேசியின் சொந்தத் தரவைப் பயன்படுத்துங்கள்.

2. உலாவி 'பாதுகாப்பற்றது' என்றோ, சான்றிதழ் சரியில்லை என்றோ எச்சரித்தால், 'தொடர்க' என்பதை அழுத்தாதீர்கள்.

3. பொதுக் கணினியில் வங்கி, முதன்மை மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். அச்சிட வேண்டியதைக் கைப்பேசியிலிருந்து கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அச்சானதும் அழிக்கச் சொல்லி, நின்று பாருங்கள்.

4. உள்நுழைந்தே ஆக வேண்டுமென்றால், முடித்ததும் 'வெளியேறு' என்பதை அழுத்துங்கள். கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். வீடு திரும்பியதும் சொந்தக் கருவியில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

5. ஓடிபி எண்ணைப் போலிப் பக்கத்தில் எழுதினால், மோசடிக்காரர் அதை உடனே உண்மையான தளத்தில் பயன்படுத்துவார். 'பாஸ்கீ' வசதி உள்ள தளங்களில் அதற்கு மாறுங்கள். அது தளத்தின் சரியான முகவரியோடு பிணைந்தது. போலி முகவரியில் வேலை செய்யாது.

6. கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுப்பதே நோக்கம்.

செய்து பாருங்கள்

இப்போதே கைப்பேசியை எடுத்து வாட்சாப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறங்கள். அங்குள்ள ஒவ்வொரு கணினியும் உங்களுடையதுதானா? தெரியாத ஒன்று இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். அடுத்து வைஃபை அமைப்பில் சேமித்த பெயர்களைப் பாருங்கள். கடவுச்சொல் இல்லாத பழைய பெயர்களை நீக்கிவிடுங்கள். பிறகு அம்மா, அப்பாவின் கைப்பேசிகளிலும் இதையே செய்து கொடுங்கள்.