புழுங்கலரிசியும் பி1 விற்றமினும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அரிசி வாங்கச் செல்வோர் பலர் வெண்மையையே மேன்மையெனக் கொள்கின்றனர். நம் பாட்டிமார் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குற்றிய புழுங்கலரிசியைப் பழையோர் உணவென ஒதுக்குவாரும் உளர். ஆனால் இவ்வெண்மையை விரும்பி உயிரிழந்தோர் தொகை ஒருகாலத்தில் பல்லாயிரம்.

பெரிபெரி என்பது கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மாளச் செய்யும் நோய். ‘இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து இப்பெயர் ஆயிற்றென்பர். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வெண்ணரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயாற் பெருந்தொகையாய் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரையோ அது பெரும்பாலும் அணுகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டிய வைத்தியர் பிறடன், வெண்ணரிசியில் நஞ்சுண்டெனக் கருதினார். 1905ஆம் ஆண்டின் இறுதியில் வைத்தியர் பிளெச்சர், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியினரை ஒற்றையெண், இரட்டையெண் என இரு பிரிவாக்கி ஓராண்டு சோதித்தார். வெண்ணரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் இறந்திலர்.

இதன் காரணம் யாது? நஞ்சன்று, சத்துக் குறைவே. தவிட்டிலுள்ள தயமின் எனும் பி1 விற்றமின் நீரிற் கரைவது. நெல் ஊறி வேகும்போது அது அரிசியின் உள்ளே சுவறும். பின்னர்த் தவிடு நீங்கினும் பெரும்பகுதி எஞ்சும். பச்சையரிசியைத் தீட்டினாலோ தவிட்டோடு அதுவும் போய்விடும். இவ்விற்றமினை 1936இல் செயற்கையாய் ஆக்கிய றொபேட் வில்லியம்ஸ், நெல்லின் பெயர் பூண்ட நெல்லூரிலே 1886இல் பிறந்தவரென்பது நினைக்கத்தக்கது.

மாச்சத்தைச் சக்தியாய் மாற்றவும், நரம்பும் இருதயமும் செவ்வனே தொழிற்படவும் தயமின் வேண்டும். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் போதும். ஆயினும் உடல் அதனை நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. சில வாரங்களில் இருப்புத் தீரும். பல்வகை உணவு உண்போர்க்கு இன்று பெரிபெரி அரிது. எனினும் மது மிகுதியாய் அருந்துவோரும், இடையறாது வாந்தியெடுக்கும் கருவுற்ற தாய்மாரும் இக்குறைக்கு ஆளாகலாம். பாலூட்டும் தாய்க்கு இது குறையின் குழந்தையின் உயிருக்கும் ஆபத்தாம்.

ஆதலின், அன்பர்களே, அரிக்கன் சட்டியிற் கல் நீங்குமளவு அரிசியைக் கழுவுதல் தகும்; மீண்டும் மீண்டும் கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டுதல் தகாது. பயறும் உழுந்தும் கடலையும் உணவிற் சேர்தல் நன்று. நோய் தடுக்கவென்று நம் முன்னோர் நெல்லவித்திலர்; குற்றுகையில் அரிசி முறியாதென்றே அவித்தனர். காரணம் அறியாது அவர் காத்த வழக்கத்தைக் காரணம் அறிந்த நாம் கைவிடுதல் முறையோ?