சதுரங்கத்தில் பொறி: வைப்பதும் தப்புவதும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி, சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி தொடங்கியது. ஒரு பக்கம் நடப்பு உலக வெற்றியாளரான சீனாவின் டிங் லிரென். மறுபக்கம் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ். முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றார். இரண்டாம் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நவம்பர் 27ஆம் தேதி நடந்த மூன்றாம் ஆட்டத்தில்தான் அவர் தம் முதல் வெற்றியைப் பெற்றார். அந்த வெற்றிக்கான வித்து ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஊன்றப்பட்டிருந்தது.

சதுரங்க ஆட்டத்தில் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களைத் தொடக்க ஆட்டம் என்பர். காய்களை வெளியே கொண்டுவருவதும், பலகையின் நடுப்பகுதியைப் பிடிப்பதும், ராஜாவைப் பாதுகாப்பான இடத்தில் வைப்பதும் இப்பகுதியின் நோக்கங்கள். எதிராளி இந்த வேலைகளில் மூழ்கியிருக்கும்போது அவர் இயல்பாகச் செய்யக்கூடிய ஒரு தவற்றுக்காகக் காத்திருந்து வீழ்த்துவதே பொறி.

நான்கே நகர்த்தலில் தோல்வி

சதுரங்கம் பழகத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் சந்திக்கும் பொறி ஒன்று உண்டு. வெள்ளை, ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்துகிறது. கறுப்பும் தன் சிப்பாயை இ5இல் வைக்கிறது. அடுத்து வெள்ளை மந்திரி சி4 கட்டத்துக்கு வருகிறது. கறுப்புக் குதிரை சி6 கட்டத்துக்குப் பாய்கிறது. மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை ராணி எச்5 கட்டத்தில் வந்து நிற்கிறது.

இப்போது கறுப்பு ஆட்டக்காரருக்கு, "ராணி இவ்வளவு முன்னால் வந்துவிட்டதே, அதை விரட்டுவோம்!" என்று தோன்றும். உடனே மற்றொரு குதிரையை எஃப்6 கட்டத்துக்கு நகர்த்தி ராணியைத் தாக்குவார். அங்கேதான் பொறி மூடிக்கொள்கிறது. வெள்ளை ராணி எஃப்7இல் உள்ள சிப்பாயை வெட்டுகிறது. செக்மேட்! ராணியைக் கறுப்பு ராஜா வெட்ட முடியாது. சி4இல் உள்ள மந்திரி அதற்குக் காவல் நிற்கிறது.

எஃப்7 கட்டம் ஏன் இவ்வளவு பலவீனமானது? ஆட்டத் தொடக்கத்தில் அந்தச் சிப்பாயைக் காப்பது ராஜா மட்டுமே. வேறு எந்தக் காயும் அதற்குத் துணையில்லை. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்திருப்பவர் பல பொறிகளை முன்கூட்டியே கண்டுகொள்வார்.

இதிலிருந்து தப்புவது கடினமன்று. ராணி எச்5க்கு வந்தவுடன் கறுப்பு தன் சிப்பாயை ஜி6 கட்டத்துக்கு நகர்த்தினால் போதும். அது ராணியின் வழியை அடைக்கிறது. ராணியைத் தாக்கவும் செய்கிறது. ராணி எஃப்3க்குப் பின்வாங்கி மீண்டும் எஃப்7ஐக் குறிவைக்கும். இப்போது குதிரையை எஃப்6இல் வைத்தால் அந்த வழியும் அடைபடும். அதே குதிரை, அதே கட்டம். ஒரு நகர்த்தல் முன்னால் வைத்தால் தோல்வி. ஒரு நகர்த்தல் பின்னால் வைத்தால் பாதுகாப்பு. இதற்குள் கறுப்பின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. வெள்ளையோ ஒரே ராணியை இருமுறை நகர்த்தி நேரத்தை வீணாக்கிவிட்டது.

ஆனால், விடையை மட்டும் மனப்பாடம் செய்தால் ஆபத்து. சி6இல் குதிரை இல்லாத நேரத்தில், அதாவது இரண்டாவது நகர்த்தலிலேயே ராணி எச்5க்கு வந்தால், ஜி6 பெரும் தவறாகும். காவலில்லாத இ5 சிப்பாயை ராணி வெட்டி, ராஜாவுக்குச் செக் வைக்கும். அதே வேளையில் மூலையில் உள்ள யானையையும் தாக்கும். எனவே நகர்த்தலை நினைவில் வைப்பதைவிட அதன் காரணத்தை அறிந்திருப்பதே முக்கியம்.

ராணியே தூண்டில்

பாரிஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லெகால் என்பவரின் பெயரால் ஒரு பொறி இன்றும் வழங்குகிறது. புகழ்பெற்ற சதுரங்க வீரர் ஃபிலிடோரின் ஆசிரியர் அவர். இந்தப் பொறியில் கறுப்பு மந்திரி ஜி4 கட்டத்தில் நின்றுகொண்டு, எஃப்3இல் உள்ள வெள்ளைக் குதிரையைக் குறிவைக்கிறது. குதிரை நகர்ந்தால் அதன் பின்னால் டி1இல் உள்ள ராணி பறிபோகும். ஆகவே குதிரை அசையாது என்று கறுப்பு நம்புகிறது.

ஆனால் குதிரை அசைகிறது. அது இ5 சிப்பாயை வெட்டுகிறது. ராணி இலவசமாகக் கிடைப்பதைக் கண்ட கறுப்பு அதை மந்திரியால் வெட்டுகிறது. உடனே வெள்ளை மந்திரி எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக் வைக்கிறது. ராஜா செல்லக்கூடிய ஒரே கட்டம் இ7. அங்கே சென்றதும் வெள்ளையின் மற்றொரு குதிரை டி5 கட்டத்துக்குப் பாய, செக்மேட்! ஒரு மந்திரியும் இரண்டு குதிரைகளும் சேர்ந்து ராணியின் துணையில்லாமலே ஆட்டத்தை முடித்துவிடுகின்றன.

குதிரை இ5ஐ வெட்டிய பிறகும் கறுப்புக்கு வழி உண்டு. ராணியின் மேல் ஆசைப்படாமல், அந்தக் குதிரையைச் சிப்பாயால் வெட்ட வேண்டும். வெள்ளை ராணி ஜி4இல் உள்ள மந்திரியை வெட்டும். கணக்குப் பார்த்தால் கறுப்புக்கு நஷ்டம் ஒரு சிப்பாய் மட்டுமே. ஆட்டம் தொடரும். சிறிய இழப்பை ஏற்றுக்கொள்வதும் தப்பும் கலையின் ஒரு பகுதிதான்.

பொறி வைப்பவருக்கும் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கறுப்புக் குதிரை ஏற்கெனவே சி6இல் இருந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது. அக்குதிரை இ5ஐ வெட்டி, ஜி4 மந்திரிக்கும் காவலாகிவிடும். ஒரு சிப்பாய்க்காக வெள்ளை தன் குதிரையை இழந்து நிற்கும். தான் வைத்த பொறியில் தானே விழுவது என்பது இதுதான்.

செந்தோசாவில் நடந்தது

உலக வெற்றியாளர் போட்டியில் நான்கு நகர்த்தல் தந்திரம் செல்லாது. அங்கே பொறி என்பது வீட்டிலேயே ஆராய்ந்து வைத்த ஆயத்தம். மூன்றாம் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய குகேஷ், தொடக்க நகர்த்தல்களை மிக விரைவாக ஆடினார். டிங்கோ நீண்ட நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்ட பின், டிங் தம் மந்திரியை வெள்ளையின் எல்லைக்குள், சி2 கட்டம்வரை அனுப்பினார். உள்ளே போன மந்திரிக்குத் திரும்பும் வழிகள் மெல்ல மெல்ல அடைபட்டன. இறுதியில் அது பறிபோயிற்று. முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடம் என்பது அப்போட்டியின் விதி. 37ஆம் நகர்த்தலின்போது டிங்கின் நேரம் தீர்ந்துபோனது, குகேஷ் வென்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குகேஷின் நகர்த்தல்கள் டிங் தவறு செய்தால் மட்டுமே பயன்படுபவை அல்ல. டிங் சரியாக ஆடியிருந்தாலும் குகேஷின் நிலை குலைந்திருக்காது. நல்ல பொறிக்கும் வெறும் தந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. எதிராளி கண்டுபிடித்துவிட்டாலும் வைத்தவருக்குக் கேடு தராததே நல்ல பொறி.

மூன்று கேள்விகள்

பொறியில் சிக்காமலிருக்க, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். எதிராளி இப்போது எதைக் குறிவைக்கிறார்? ஒரு காய் இலவசமாகக் கிடைக்கிறது என்றால், ஏன் கிடைக்கிறது? முன்னால் அனுப்பும் காய்க்குத் திரும்பி வர வழி இருக்கிறதா? முதல் கேள்வி நான்கு நகர்த்தல் செக்மேட்டிலிருந்து காப்பாற்றும். இரண்டாவது லெகாலின் பொறியிலிருந்து காப்பாற்றும். மூன்றாவதோ, உலக வெற்றியாளரே மறந்துவிடக்கூடிய கேள்வி.

டிசம்பர் 12ஆம் தேதி 14ஆம் ஆட்டம் நடந்தது. அப்போது இருவரும் 6.5 புள்ளிகளுடன் சமமாக இருந்தனர். அன்றைய ஆட்டமும் சமநிலையை நோக்கியே சென்றுகொண்டிருந்தது. 55ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். குகேஷ் யானைகளையும் மந்திரிகளையும் வெட்டிக்கொண்டு, கூடுதலாக இருந்த ஒரு சிப்பாயின் பலத்தால் வென்றார். உலக வெற்றியாளர்களுள் ஆக இளையவர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

அந்த ஆட்டத்தில் யாரும் பொறி வைக்கவில்லை. பல மணி நேரப் போராட்டத்தின் களைப்பே பொறியாக அமைந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கும் அந்த ஒரு நொடியில் எதிரே இருப்பவர் விழித்திருந்தால், ஆட்டத்தின் முடிவே மாறிவிடுகிறது.