உப்பு மெருகு ஜாடிகள்

பழைய மேனாட்டு ஜாடி கிடைத்தால் அதில் ஊறுகாய் போடலாமா? இதற்கு விடை காண, அதன் மெருகு உண்டாகும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஜெர்மனியில் ரைன் நதிப் பிரதேசத்துக் குயவர் உப்பினால் மெருகேற்றி வந்தனர். இங்கிலாந்தில் ஜான் டுவைட் என்பார் இவ்வகைக் கலங்கள் செய்ய 1672இல் அரசரிடம் காப்புரிமை பெற்றார்.

செய்முறை எளிது. சூளையின் வெப்பம் 1200 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் சாதாரண உப்பை உள்ளே வீசுவர். உப்பு ஆவியாகும், அதிலுள்ள சோடியம், களிமண்ணிலுள்ள மணற்சத்துடன் கூடிக் கண்ணாடிப் படலமாகும். ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்ணிய குழிகளே இதன் அடையாளம். இம்மெருகிற்கு ஈயம் தேவையில்லை. புளிப்பும் இதனை எளிதில் அரிக்காது. ஆயினும் சூளையினின்று அமிலப் புகை எழும். இது இம்முறையின் பெருங்குறையாகும்.

மற்றொரு குறையும் உண்டு. வாய் குறுகிய ஜாடியினுள் உப்பாவி செவ்வனே படியாது. எனவே அமெரிக்கக் குயவர் பலர், ஆல்பனி நகரத்துக் களிமண்ணைக் கரைத்து உட்புறம் பூசினர். அது சூளையில் உருகிப் பழுப்பு மெருகாயிற்று.

ஆதலின், வெளியழகில் மயங்காது உட்புறத்தை நோக்குக. விரலால் தட்டினால் கணீரென ஒலித்தல் வேண்டும். நீர் நிரப்பி ஓரிரவு வைத்தால் கசிதல் கூடாது. விரிசலுள்ளதைத் தானியத்திற்கு வைத்துக்கொள்க. மெருகின் வகை ஐயமாயின், ஈயம் இருத்தல் கூடும். அதில் புளிப்புப் பண்டம் இடற்க. ஒரு மயிரிழை விரிசலால் ஓராண்டு ஊறுகாய் கெடும்.